லாக் ஆ ஏரிக்கரையில் ஒரு வாரம்: ட்ரவுட் தூண்டிலுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் மேற்கே, ஆர்கைல் பகுதியின் மலைகளுக்கு நடுவில், தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடக்கிறது லாக் ஆ என்னும் நன்னீர் ஏரி. ஏரியை அங்கே ‘லாக்’ என்றே சொல்வார்கள். 41 கிலோமீட்டர் நீளமும் சராசரியாக ஒரு கிலோமீட்டர் அகலமும் உடைய இந்த ஏரியை முதன்முதலில் பார்ப்பவர்கள், பெரிய ஆறு ஒன்று ஓட மறந்து நின்றுவிட்டதோ என்று நினைப்பார்கள். அதன் வடகிழக்கு முனையில், 15ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கில்கர்ன் கோட்டை இடிந்த நிலையில் தண்ணீரை ஒட்டி நிற்கிறது. இரு கரைகளிலும் காடுகளும் ஆட்டுப் பண்ணைகளும், அவற்றுக்கு இடையே விடுமுறைக்கு வாடகைக்கு விடப்படும் காட்டேஜ்களும் உள்ளன. பிரிட்டனுக்கு வந்து சில ஆண்டுகளே ஆன தமிழ்க் குடும்பம் ஒன்று, தூண்டிலைக் கையால் தொட்டே இராத நிலையில், இங்கே ஒரு வாரம் தங்கி ட்ரவுட் மீன் பிடித்துச் சமைத்து உண்டு திரும்ப என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, பல கோடைகளாகப் போய் வருபவன் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். வாசலில் ஏரி இருப்பது வேறு, அந்த ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை இருப்பது வேறு. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலங்களிலும் நீர்நிலைகளிலும் நடக்கலாம், நீந்தலாம், சிறு படகில் துடுப்புப் போடலாம். மீன்பிடிப்பு மட்டும் அந்த உரிமைக்குள் வராது. அது தண்ணீரின் உரிமையாளரிடமிருந்து தனியாகப் பெற வேண்டிய அனுமதி. இதை அறியாமல், ‘ஏரிக்கரை வீடு’ என்ற விளம்பரத்தை மட்டும் நம்பிப் போகிறவர்கள்தான் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். ஆகவே தேதி, வீடு, அனுமதி ஆகிய மூன்றையும் இதே வரிசையில் முடிவு செய்யுங்கள்.

தேதியும் வீடும்

லாக் ஆவின் சொந்த மீன் பிரவுன் ட்ரவுட். சட்டப்படி ஸ்காட்லாந்து முழுவதும் அதை மார்ச் 15 முதல் அக்டோபர் 6 வரை மட்டுமே பிடிக்கலாம். அக்டோபர் 7 முதல் மார்ச் 14 வரை அது முட்டையிட்டுத் தேறும் காலம். எங்கள் முதல் பயணத்தின்போது எனக்கு இது தெரியாது. பிள்ளைகளின் இலையுதிர்கால விடுமுறைக்கு வசதியாக அக்டோபர் நடுவில் வீடு எடுத்துவிட்டேன். வாரம் முழுவதும் தெளிந்த தண்ணீர் கண்முன்னே கிடந்தது. புதிதாக வாங்கிய தூண்டில் உறையை விட்டு வெளியே வரவே இல்லை. என் மூத்த மகள் நாள்தோறும் காலையில் ஜன்னலருகே நின்று, “இன்றைக்குமா பிடிக்கக் கூடாது, அப்பா?” என்று கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது.

புதியவர்களுக்கு மே மாதத்தின் கடைசி இரண்டு வாரங்களையும் ஜூன் முதல் பாதியையும் பரிந்துரைக்கிறேன். அப்போது பூச்சிகள் தண்ணீரிலிருந்து எழத் தொடங்கியிருக்கும். ட்ரவுட் அவற்றைத் தேடி மேலே வரும். இரவு பத்து மணி வரை வெளிச்சமும் இருக்கும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் தண்ணீர் சூடேறுவதால் மீன் பகலில் ஆழத்துக்குப் போய்விடுகிறது. அந்த மாதங்களில்தான் மிட்ஜ் என்னும் கடிக்கும் சிறு பூச்சியும் உச்சத்தில் இருக்கும். பள்ளி விடுமுறையை விட்டால் வேறு வழியில்லை என்பவர்கள் ஆகஸ்டின் கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். மாலைகள் குளிரத் தொடங்கும்போது மீன் மீண்டும் கரைக்கு வரும்.

வீடுகள் கோடையில் பெரும்பாலும் வார வாடகைக்கே கிடைக்கும். சனிக்கிழமை மாலை நுழைந்து அடுத்த சனிக்கிழமை காலை வெளியேறுவது வழக்கம். விளம்பரத்தில் குறுகியகால வாடகை உரிமத்தின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 அக்டோபர் முதல் ஸ்காட்லாந்தில் இத்தகைய வீடுகளை நடத்துவோர் உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். விளம்பரத்தில் அந்த எண்ணைக் காட்டவும் வேண்டும். எண் இல்லாத விளம்பரத்துக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

உரிமையாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. வீட்டுக்கும் கரைக்கும் நடுவே சாலை குறுக்கிடுகிறதா? சிறு குழந்தைகள் இருந்தால் தோட்டத்துக்கு வேலி உண்டா? வாடகையோடு படகு சேர்ந்ததா, உயிர்காப்பு அங்கிகள் யார் பொறுப்பு? நனைந்த உடைகளை உலர்த்த அறை இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். ஆர்கைல் மழை மிகுந்த நாடு. ஐந்து பேரின் நனைந்த கோட்டுகளும் சப்பாத்துகளும் வரவேற்பறை நாற்காலிகளில் தொங்கினால் இரண்டாம் நாளே வீடு முழுவதும் ஈரவாடை அடிக்கும். உலர்த்தும் அறை உள்ள சிறிய வீடு, அது இல்லாத பெரிய வீட்டைவிட மேல் என்பது என் அனுபவம்.

அனுமதிச் சீட்டு

இங்கிலாந்தில் 13 வயது நிறைந்த எவரும் தூண்டில் போடுவதற்கு அரசின் தூண்டில் உரிமம் பெற வேண்டும். அதற்கு மேல் அந்தந்த நீர்நிலையின் அனுமதியும் வேண்டும். ஸ்காட்லாந்தில் ட்ரவுட் பிடிக்க அரசு உரிமம் என்று ஒன்று இல்லை. நீர்நிலையின் அனுமதிச் சீட்டு மட்டும் போதும். அது மட்டும் கட்டாயம் வேண்டும். லாக் ஆவும் அதைச் சேர்ந்த நீர்நிலைகளும் பாதுகாப்பு ஆணை ஒன்றின் கீழ் இருப்பதால், அங்கே சீட்டில்லாமல் ட்ரவுட் பிடிப்பது குற்றமாகும். கரையில் உலவும் காவலர் கேட்டால் சீட்டைக் காட்ட வேண்டும்.

சீட்டு இணையவழியிலும், சுற்றுவட்டாரத்தின் சில கடைகளிலும் விடுதிகளிலும் கிடைக்கும். அதை வாங்கியதும் பையில் வைத்துவிடாமல் அதில் அச்சிட்டிருக்கும் விதிகளை உட்கார்ந்து படியுங்கள். எந்தக் கரையிலிருந்து எந்தக் கரை வரை செல்லும், படகுக்கும் சேர்த்தா, மண்புழு அனுமதியா அல்லது பொய் ஈ (பூச்சி போலச் செய்த தூண்டில் முள்) மட்டுமா, எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம், எந்த அளவுக்குக் கீழ் விட்டுவிட வேண்டும் என்பவை அனைத்தும் அதில்தான் இருக்கும். ஊர்ப்பக்கம் குளத்தில் செய்வதுபோல் தூண்டிலைக் கரையில் குத்தி வைத்துவிட்டு நிழலில் போய் உட்காரும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். தூண்டில் கையிலேயே இருக்க வேண்டும். உயிருள்ள சிறு மீனை இரையாகக் கோப்பதும் ஸ்காட்லாந்தில் தடைசெய்யப்பட்டது.

என்ன வாங்குவது, எதை வாங்காமல் இருப்பது

ட்ரவுட் பிடிக்கும் கலையின் உயிர்நாடி ‘ஃப்ளை’ எனப்படும் பொய் ஈ. முள்ளின் மேல் இறகும் நூலும் மயிரும் சுற்றி, தண்ணீரில் விழுந்த பூச்சி போலச் செய்வார்கள். அதற்கு எடை கிடையாது. ஆகவே சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துச் செல்வதுபோல் இங்கே நடக்காது. கனமான தடித்த நரம்புதான் எடை. கழி அதைச் சாட்டைபோல் வீச, அந்த நரம்பு பொய் ஈயைச் சுமந்து செல்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்லும் எண்கள் எல்லாம் விளங்கிவிடும்.

கரையிலிருந்து வீச ஒன்பது முதல் ஒன்பதரை அடி நீளக் கழியும், அதற்கேற்ற ஆறாம் எண் மிதவை நரம்பும் போதும். படகுக்குப் பத்தடிக் கழி வசதி. புதியவர்களுக்கென்று கழி, சுருள், நரம்பு மூன்றையும் சேர்த்து விற்கும் தொகுப்பை வாங்கினால் போதும். விலையுயர்ந்த கழி முதல் ஆண்டில் எந்தப் பயனும் தராது. நரம்பின் நுனியில் கட்ட, நான்கு முதல் ஆறு பவுண்டு இழுவை தாங்கும் மெல்லிய நைலான் நரம்பு ஒரு சுருள் வேண்டும். பொய் ஈக்களில் ஸ்காட்லாந்து ஏரிகளுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் பிளாக் பென்னல், கேட் மெக்லாரன், பிபியோ, சோல்ஜர் பாமர் ஆகிய நான்கு வகைகளிலும் பத்தாம், பன்னிரண்டாம் எண் அளவில் மும்மூன்று வாங்குங்கள். கடையில் நூறு வகை கண்ணைப் பறிக்கும்; இந்தப் பன்னிரண்டும் ஒரு வாரத்துக்குத் தாராளம்.

கைவலை ஒன்று, முள்ளைக் கழற்ற நீண்ட மூக்குள்ள இடுக்கி ஒன்று, மீனைத் தலையில் தட்டிக் கொல்ல ‘ப்ரீஸ்ட்’ எனப்படும் சிறு தடி ஒன்று ஆகியவையும் தேவை. கண்ணாடி இல்லாமல் பொய் ஈ வீசவே கூடாது. காற்று திரும்பும்போது முள் முகத்தை நோக்கித்தான் வரும். குழந்தைகளுக்கும், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் கண்ணாடியும் தொப்பியும் போட்டுவிடுங்கள். மார்பளவு ரப்பர் உடையை முதல் ஆண்டு வாங்க வேண்டாம். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் போதும். அதற்கு மேல் தண்ணீரில் இறங்க வேண்டிய தேவை புதியவருக்கு இல்லை.

போகும் வழி

கிளாஸ்கோவிலிருந்து லாக் லோமண்ட் ஏரியின் கரையோரமாக வடக்கே சென்று, கிரியன்லாரிக், டைன்ட்ரம் ஊர்களைக் கடந்து டால்மாலி வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து ஓபன் செல்லும் ரயிலும் டால்மாலியிலும் லாக் ஆ நிலையத்திலும் நிற்கிறது. ஆனால் கார் இல்லாமல் நீண்ட கரைகளின் உட்பகுதியில் தங்குவது கடினம். அரிசி, பருப்பு, மசாலாப் பொடி, கறிவேப்பிலை ஆகியவற்றை கிளாஸ்கோவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஏரியை ஒட்டிய கடைகளில் பாலும் ரொட்டியும் கிடைக்கும். பெரிய அங்காடிக்கு ஓபன் வரை போக வேண்டியிருக்கும்.

ஏரியின் இரு நீண்ட கரைகளிலும் செல்லும் சாலைகள் பெரும்பாலும் ஒரே வண்டி போகும் அகலம் உடையவை. இடையிடையே ஒதுங்குமிடங்கள் இருக்கும். எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் நுழைந்து நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே உங்கள் பக்கத்திலேயே நின்று, எதிரே வருபவர் அதற்குள் புகுந்து வழிவிடக் காத்திருங்கள். பின்னால் உள்ளூர்க்காரர் அவசரமாக வந்தாலும் ஒதுங்கி வழி விடுங்கள். கடந்து போகும்போது கையை உயர்த்தி நன்றி சொல்வது அங்கே தவறாத மரியாதை. தூண்டில் போடுவதற்காக ஒதுங்குமிடத்தில் காரை நிறுத்திவிட்டுப் போவது மட்டும் மன்னிக்கப்படாத குற்றம். பால் வண்டியும் ஆம்புலன்சும் அந்த இடத்தை நம்பித்தான் வருகின்றன.

வழியில் கைப்பேசித் தொடர்பு அறுந்துபோகும் இடங்கள் பல உண்டு. வீட்டுக்கு வரும் வழியையும் அஞ்சல் குறியீட்டையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியிலிருந்து 999 எண்ணுக்கு ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் குறுஞ்செய்தியாக அனுப்பி முன்பே பதிவு செய்துவிட்டால், பேச முடியாத அளவு சிக்னல் மெலிந்த இடத்திலும் அவசர உதவியைக் குறுஞ்செய்தியால் கேட்கலாம்.

வீட்டில் முதல் மாலை

போய்ச் சேர்ந்த அன்றே ஏரிக்கு ஓட வேண்டாம். அந்த மாலையை வீட்டைப் பழகுவதற்கும் வீச்சைப் பழகுவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் வரும் தண்ணீர் தேநீர் டிகாக்‌ஷன் போல லேசாகப் பழுப்பாக இருந்தால் பதற வேண்டாம். மலைமேல் உள்ள பீட் என்னும் மக்கிய தாவர மண்ணின் நிறம் அது. ஆனால் வீட்டுக்குத் தனி ஊற்றிலிருந்து தண்ணீர் வருகிறதா, அதைக் குடிக்கலாமா என்று வீட்டுக் குறிப்பேட்டில் பார்த்துவிடுங்கள். கழிவுநீர் பெரும்பாலும் வீட்டின் சொந்தத் தொட்டிக்கே போகும். ஆகவே சமையல் எண்ணெயையும் ஈரத் துடைப்பான்களையும் குழாய்வழி விடக் கூடாது.

வீச்சுப் பயிற்சிக்கு வீட்டு முன்புறப் புல்வெளி போதும். முதலில் மேலே மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். கார்பன் கழி மின்சாரத்தைக் கடத்தும்; இடி மின்னலிலும் அதைக் கையில் பிடிக்கக் கூடாது. நரம்பின் நுனியில் முள்ளுக்குப் பதிலாகச் சிறு கம்பளி நூலைக் கட்டுங்கள். கழியைக் கட்டைவிரல் மேலே இருக்கும்படி பிடியுங்கள். உங்கள் உடலைக் கடிகாரமாகவும் தலைக்கு மேலே பன்னிரண்டு மணி என்றும் எண்ணிக்கொண்டு, கழியை முன்னிருந்து மேலே தூக்கி, பின்னால் ஒரு மணிக்கு நேராகச் சட்டென்று நிறுத்துங்கள். இப்போதுதான் காத்திருக்க வேண்டும். நரம்பு பின்னால் முழுமையாக விரியும் வரை காத்திருந்து, பிறகு முன்னே பத்து மணிக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். புதியவர்கள் எல்லாரும் செய்யும் பிழை இந்த இடைவெளியை விழுங்கிவிடுவது. சாட்டை சொடுக்கும் ஒலி கேட்டால் நீங்கள் அவசரப்பட்டீர்கள் என்று பொருள். முள் கட்டியிருந்தால் அது அறுந்து பறந்திருக்கும். பத்து மீட்டர் தூரம் நேராக விழத் தொடங்கினாலே போதும். ஒரு மணி நேரத்தில் இது கைவந்துவிடும். வசதியுள்ளவர்கள் அரை நாளுக்கு ஓர் உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொண்டால், அந்தப் பணம் வேறு எந்தக் கருவிக்குச் செலவிடும் பணத்தைவிடவும் பலன் தரும்.

முள் கட்டும் முடிச்சையும் அன்றே பழகுங்கள். நரம்பை முள்ளின் கண்ணுக்குள் நுழைத்து, நுனியை நரம்பின் மேலேயே ஐந்து சுற்று சுற்றி, முள்ளின் கண்ணை ஒட்டி உண்டான சிறு வளையத்துக்குள் நுனியைத் திருப்பி நுழைத்து, எச்சிலால் நனைத்து மெதுவாக இழுங்கள். நனைக்காமல் இழுத்தால் உரசும் சூட்டில் நைலான் வலுவிழக்கும்.

கரையிலிருந்து

மறுநாள் காலை வெளியே வந்ததும் முதலில் காற்றைப் பாருங்கள். கண்ணாடி போல அசையாத தண்ணீரும் உச்சி வெயிலும் ட்ரவுட்டுக்கு ஆகாது. சிற்றலை எழுப்பும் மிதமான காற்றும் மேகமூட்டமும்தான் வேண்டும். சுற்றுலா வந்தவர்கள் முகம் சுளிக்கும் வானிலை தூண்டில்காரருக்கு நல்ல வானிலை. கரையை நோக்கி வீசும் காற்று பூச்சிகளை அந்தக் கரையிலேயே சேர்க்கும் என்பதால் மீனும் அங்கே கூடும். ஆனால் எதிர்க்காற்றில் வீசப் புதியவரால் முடியாது. ஆகவே காற்று பக்கவாட்டில், உங்கள் கழி இல்லாத தோளின் பக்கத்திலிருந்து வரும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். அப்போது முள் உங்களை விட்டு விலகியே பறக்கும்.

லாக் ஆவின் ஆழம் சில இடங்களில் 90 மீட்டருக்கும் மேல். அதைக் கேட்டுவிட்டு மீன் எல்லாம் நடு ஏரியில் இருப்பதாக எண்ணித் தூரமாக வீச முயல்கிறார்கள். உண்மை நேர்மாறானது. ஆழத்தில் வெளிச்சம் எட்டாது. வெளிச்சம் இல்லாத இடத்தில் பாசியும் புழுவும் குறைவு. ட்ரவுட்டின் உணவு ஒன்று முதல் மூன்று மீட்டர் ஆழமுள்ள கரையோரக் கற்களுக்கு நடுவிலும், ஓடைகள் வந்து விழும் வாய்களிலும், நீருக்குள் நீளும் முனைகளின் இரு பக்கங்களிலும்தான் இருக்கிறது. ஆகவே தண்ணீருக்குள் காலை வைக்கும் முன்பே, நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் முதல் வீச்சை வீசுங்கள். காலடியில் கிடந்த மீனைத்தான் பலரும் விரட்டிவிட்டுத் தொலைவில் தேடுகிறார்கள்.

வீசியபின் நரம்பைக் கையால் சிறுசிறு இழுப்புகளாக உள்ளே வாங்குங்கள். கடைசி இழுப்பில் கழியை மெல்லத் தூக்கி, பொய் ஈயைத் தண்ணீரின் மேற்பரப்பில் ஓரிரு நொடி தொங்கவிடுங்கள். துரத்தி வந்த மீன் பெரும்பாலும் அந்த நொடியில்தான் பாயும். மூன்று நான்கு வீச்சுக்குப் பின் இரண்டு அடி நகருங்கள். ஒரே கல்லில் மணிக்கணக்கில் உட்காரும் தூண்டில் அல்ல இது. ஒரு காலையில் ஒரு கிலோமீட்டர் கரையைத் தொட்டு நடக்க வேண்டும்.

கடி விழுவதைப் பற்றி ஒன்று சொல்கிறேன்: அது நீங்கள் எதிர்பார்த்ததுபோல் இருக்காது. நரம்பு ஒரு நொடி கனத்து நிற்கும். அல்லது நீர்மட்டத்தில் ஒரு சிறு வளையம் தோன்றி மறையும். கழியை நிதானமாக உயர்த்துங்கள், வெடுக்கென்று இழுக்காதீர்கள். மீன் ஓடினால் ஓடவிட்டு, நின்றால் சுற்றி, களைத்தபின் வலையைத் தண்ணீருக்குள் வைத்து அதன்மேல் மீனைக் கொண்டுவாருங்கள். என் முதல் ட்ரவுட் என் கையைவிடச் சற்றே நீளம். முதுகு ஈரமான மரப்பட்டை நிறம், வயிறு வெண்ணெய் மஞ்சள். பக்கவாட்டில் கரும்புள்ளிகளுக்கு நடுவே குங்குமச் சிவப்பில் ஏழெட்டுப் புள்ளிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் வெளிறிய ஒரு வளையம். வாலுக்குச் சற்று முன்னால், முதுகில், எலும்பில்லாத சிறு சதைத் துடுப்பு. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் அரை நிமிடம் போய்விட்டது. அவ்வளவு நேரம் மீனைத் தண்ணீருக்கு வெளியே வைத்திருக்கக் கூடாது என்று பின்னரே உணர்ந்தேன்.

நீலகிரியின் அவலாஞ்சியில் ட்ரவுட்டைப் பார்த்தவர்கள் இதை வேறு மீன் என்று கண்டுகொள்வார்கள். அங்கே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளையர்கள் கொண்டுவந்து நிலைபெறச் செய்தது, பக்கத்தில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும் ரெயின்போ ட்ரவுட். அதன் தாயகம் வட அமெரிக்கா. இங்கே நீங்கள் தொடுவது இந்த ஏரியிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் மீன். 2002ஆம் ஆண்டில் லாக் ஆவில் பிடிபட்ட 31 பவுண்டு 12 அவுன்ஸ், அதாவது 14 கிலோவுக்கு மேற்பட்ட பிரவுன் ட்ரவுட் பிரிட்டிஷ் சாதனையாகப் பதிவானது. அது ஃபெராக்ஸ் என்னும், ஆழத்தில் பிற மீன்களைத் தின்று வளரும் வகை. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் கால் கிலோ அளவுள்ளதே. அதற்கு மனம் குறைய வேண்டாம்.

இந்த ஏரி வழியாகச் சால்மன் மீனும் ஓர்கி ஆற்றுக்குப் போய் வருவதால், சிறிய மீன் கிடைத்தால் கவனம் தேவை. பக்கவாட்டில் விரல் பதித்தது போன்ற மங்கலான பட்டைகளும், ஆழமாகப் பிளந்த வாலும் இருந்தால் அது சால்மன் குஞ்சாக இருக்கலாம், உடனே விட்டுவிடுங்கள்.

படகு

படகில் போவதை மூன்றாம் நாளுக்குமேல் வைத்துக்கொள்ளுங்கள். காற்று மிதமாக இருக்கும் நாளில், பழகிய ஒருவரோடு மட்டும் போங்கள். ஏரி கிடக்கும் திசையும் அங்கே வழக்கமாக வீசும் காற்றின் திசையும் ஒன்றே. தென்மேற்குக் காற்று எழுந்தால் பல கிலோமீட்டர் தடையின்றி ஓடிவந்து, அரை மணி நேரத்தில் கடல்போல் அலையை எழுப்பிவிடும். ஜூன் மாதத்திலும் தண்ணீர் உடலை அதிரவைக்கும் அளவு குளிர். நீச்சல் தெரிந்தவர்களும் விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சுத் திணறிப்போவார்கள். உயிர்காப்பு அங்கியை இருக்கைக்கு அடியில் வைப்பதில் பயனில்லை. கரையிலேயே அணிந்து, பட்டையை இறுக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். எந்தப் பக்கம் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் உள்ளவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

படகைக் காற்றுக்குக் குறுக்காகத் திருப்பி, தண்ணீர்ப் பாராசூட் போன்ற ஒரு துணியைக் காற்று வரும் பக்கம் கட்டி மிதக்கவிட்டால், படகு கரையோரமாக மெல்ல நகரும். இருவரும் காற்று போகும் பக்கமாகவே, உட்கார்ந்தபடியே வீச வேண்டும். முனைக்கு ஒருவர் என்று அமர்ந்து, நடுவில் ஒரு கோடு இருப்பதாக எண்ணி, அதைத் தாண்டி வீசாமல் இருந்தால் முள் யார் மீதும் படாது.

மீனும் அடுப்பும்

அன்று உண்ணும் அளவுக்கு மட்டும் மீனை வைத்துக்கொள்ளுங்கள். விடப்போகும் மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்புப் படலத்தை உரித்துவிடும், பிறகு அது நோயில் சாகும். முள்ளின் கொக்கிப் பல்லை இடுக்கியால் முன்பே நசுக்கி வைத்திருந்தால், மீனைத் தண்ணீருக்கு வெளியே எடுக்காமலே கழற்றிவிடலாம். தானாக நீந்திப் போகும் வரை நிமிர்த்திப் பிடித்திருங்கள். வைத்துக்கொள்ளும் மீனைத் துடிக்கவிடாமல், கண்ணுக்குச் சற்று மேலே தலையில் தடியால் ஓங்கி இரண்டு அடி அடித்து உடனே கொன்றுவிட வேண்டும்.

ட்ரவுட்டுக்குச் செதில் மிகச் சிறிது. உரசி எடுக்கத் தேவையில்லை. அடிவயிற்றிலிருந்து செவுள் வரை கீறி, குடலை எடுத்துவிட்டு, நடுமுள்ளை ஒட்டிக் கிடக்கும் கருஞ்சிவப்பு ரத்தத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக் கழுவுங்கள். இதை விட்டுவிட்டால் கசக்கும். குடலைக் கரையில் எறியாமல் பையில் சுற்றி, குப்பை எடுக்கும் நாள் வரை உறைபெட்டியில் வைத்தால் வீடும் நாறாது, நரியும் வராது.

இந்த மீனைப் புளிக்குழம்பில் போடுவதை நான் ஏற்கமாட்டேன். சதை மென்மையானது, குழம்பில் உடைந்துபோகும், அதன் மணமும் தெரியாமல் போகும். உப்பு, மஞ்சள், புதிதாய்ப் பொடித்த மிளகு, எலுமிச்சை ஆகியவற்றைப் பூசிக் கால்மணி நேரம் வைத்து, வெண்ணெயும் சிறிது எண்ணெயும் காய்ந்த கல்லில் முழு மீனாகப் பக்கத்துக்கு நான்கு நிமிடம் வாட்டினால் போதும். வாலைப் பிடித்துத் தூக்கினால் நடுமுள் முழுவதும் ஒரே சீப்பாக வந்துவிடும். அடுப்பு மூட்டும் முன் சமையலறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஸ்காட்லாந்தின் வீடுகளில் எச்சரிக்கைக் கருவிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை. ஓர் அறையில் புகை பட்டால் எல்லா அறைகளிலும் சேர்ந்து அலறும்.

மிட்ஜும் உண்ணியும்

மிட்ஜ் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் அளவு பூச்சி. கொசு ஒன்றாக வரும், இது ஆயிரமாக வரும். காற்றில்லாத, ஈரமான விடியலும் அந்திப் பொழுதும் அதன் நேரம். காற்று கொஞ்சம் வீசினாலே பறக்க முடியாமல் அடங்கிவிடும். ஆகவே அந்தி வேளையில் மூடிய விரிகுடாக்களை விட்டு, காற்றுபடும் முனைகளில் நில்லுங்கள். தலையை மூடும் வலையும் முழுக்கைச் சட்டையும் மருந்துப் பூச்சும் ஆளுக்கொன்று கட்டாயம்.

உண்ணியை இன்னும் பெரிதாக எண்ணுங்கள். புதர்ச்செடிகளிலும் ஆடுகள் மேயும் புல்லிலும் இருக்கும் அது லைம் நோயைப் பரப்பக்கூடியது. கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகி நடங்கள். ஒவ்வோர் இரவும் குழந்தைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், முடியோரம் ஆகிய இடங்களைத் தேடிப் பாருங்கள். கடித்திருந்தால் உண்ணி எடுக்கும் கொக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து எடுக்க வேண்டும். எண்ணெயோ நெருப்போ வைக்கக் கூடாது. அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவப்பு பரவினால் மருத்துவரிடம் உண்ணிக்கடி என்று சொல்லிக் காட்டுங்கள்.

கிளம்பும் முன்

வெள்ளிக்கிழமை மாலையே தூண்டிலை முடித்துக்கொள்ளுங்கள். பூட்ஸ், வலை, நரம்பு அனைத்திலும் ஒட்டியிருக்கும் சேற்றையும் பாசியையும் பார்த்து எடுத்து, வெந்நீரில் அலசி, இரவு முழுவதும் உலர்த்தும் அறையில் தொங்கவிடுங்கள். ஓர் ஏரியின் நுண்ணுயிரும் செடித்துண்டும் ஈரமான வலையோடு இன்னோர் ஏரிக்குப் போய் அங்குள்ள மீனை அழிக்கும் ஆபத்து உண்மையானது. வெளிநாட்டில் பயன்படுத்திய கருவிகளை லாக் ஆவுக்குக் கொண்டுபோவதற்கு முன்பும் இதையே செய்ய வேண்டும். கரையில் வெட்டியெறிந்த நரம்புத் துண்டுகள் உண்டா என்று ஒருமுறை நடந்து பாருங்கள். நைலான் அழுகாது, பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும். காலை பத்து மணிக்குள் சாவியைக் குறிப்பிட்ட பெட்டியில் வைத்துவிட்டு, வீட்டுக் குறிப்பேட்டில் எந்தக் கரையில், எந்த ஈயில், எத்தனை மீன் வந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். அடுத்து வரும் குடும்பம் முதலில் தேடிப் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான்.